பிரசன்னாவின் மரவள்ளிக்கிழங்கும் என்னுடைய கோப்பியும்

பொதுச் சேவைக்கு இளைஞர்களை இழுத்து வருகிற சக்திகளில் மனிதநேயத்துக்கு இரண்டாம் இடம்தான். முதலாம் இடம் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு.

இதை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் போடமாட்டார்கள். போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று கொண்டு வந்தாள். இளையோர் தம் சமூகத்துக்குப் பங்களிக்கக்கூடிய வழிகள் என்று தலைப்பு. இரத்தம் கொடுக்கலாம், கடற்கரையைக் கூட்டலாம், வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி கட்டலாம். எல்லாம் சரி. எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் நான். ஆனால் அவற்றைச் செய்ய என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிய பொருள் அந்தத் தாளில் இல்லை. அதன் பெயர் பிரசன்னா.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற ஒழுங்கைகளில் ஒன்று எங்களுடையது. பிரசன்னா எங்களுக்குப் பக்கத்து வீடு. அந்த நாளில் இரண்டு பேருக்கும் இருபத்துமூன்று வயது. ஒழுங்கைப் பெடியள் நடத்திய இளைஞர் மன்றத்துக்கு அவன் தலைவர். ஆறடி உயரம், நல்ல குரல். பொலிஸ்காரரை ‘அய்யே’ என்று அண்ணனாக்கியும் மரக்கறிக்காரரை ‘மல்லி’ என்று தம்பியாக்கியும் சிங்களத்தில் சிரிக்க வைப்பான். (நான் சிங்களம் கதைத்தாலும் சிரிப்பார்கள். அது வேறு சிரிப்பு.)

அவன் இரத்தம் கொடுத்தான். கட்டிலில் படுத்தபடி சிரிக்கிற படம் பத்திரிகையில் வந்தது. அடுத்த முகாமுக்கு நானும் போனேன். தாதி என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்களுக்குத்தான் ஆரும் குடுக்கவேணும்” என்று ஒரு பிஸ்கட் பக்கற்றைக் கையில் தந்து அனுப்பிவிட்டார். கடற்கரையைச் சுத்தம் செய்த அன்று அவன் அலைக்குள் இறங்கி லொறி டயர் ஒன்றை இழுத்து வந்தான். எனக்கு ஒற்றைச் செருப்பு கிடைத்தது. களனி கங்கை பெருகி வெள்ளம் வந்தபோது அவன் அரிசி மூட்டைகளைத் தோளில் சுமந்தான். என்னைப் பொதிகளின் வாயைக் கட்டுகிற வேலைக்கு விட்டார்கள். முடிச்சுப் போடுகிறவனை எந்தப் பத்திரிகைக்காரன் படம் எடுப்பான்?

அவன் ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் இதையெல்லாம் தாங்கியிருப்பேன். கொஞ்சம் தலைக்கனம், ஒரு சின்னப் பொய், ஏதாவது. தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. எதிரில் கண்டால், “ரகு மச்சான், சாப்பிட்டியா?” என்பான். உண்மையாகவே பதிலுக்குக் காத்து நிற்பான். அப்படிப்பட்டவனை வெறுப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது வெறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் அம்மாவோ உழைப்பே இல்லாமல் அவனை நேசித்தார்.

“பாத்தியே, பிரசன்னா விடிய வெள்ளனவே கடற்கரையில நிக்கிறான். நீ இன்னும் பல்லுத் தீட்டேல்ல.”

“பிரசன்னா அந்தத் தனிச்சிருக்கிற அன்ரிக்கு காஸ் சிலிண்டர் தூக்கிக் குடுத்தவனாம். நீ சோபாவில இருந்து காலைத் தூக்கு பாப்பம், கூட்டவேணும்.”

எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அம்மா ஒரு தரம், ஒரே ஒரு தரம், பிரசன்னாவின் அம்மாவிடம் போய், “எங்கட ரகுவைப் பாத்தியளே!” என்று சொல்லவேண்டும். அதைக் கேட்பதற்காக நான் கடலை வற்றவைக்கவும் தயாராயிருந்தேன், யாராவது வாளி தந்தால்.

அந்த வருடம் புத்தர் பிறந்த நாளான வெசாக் வந்தது. வெசாக் நாட்களில் வீதியால் போகிறவர்களை மறித்து இலவசமாகச் சாப்பிடக் கொடுப்பதற்குத் தன்சல் என்று பெயர். யார் யாருக்கும் கொடுக்கலாம், யாரும் வாங்கிச் சாப்பிடலாம். எங்கள் மன்றமும் போட்டது. காலி வீதியின் எதிர்ப்பக்கத்தில், பிரசன்னாவின் தலைமையில், அவித்த மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். கலர் கொடி, கலர் பல்பு, வானத்தைக் கிழிக்கிற ஒலிபெருக்கி, நடு வீதியில் கொடியசைத்து பஸ்ஸை மறிக்க ஆறு பெடியள். எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“நீ சம்பல் கரண்டி மச்சான்” என்றான் பிரசன்னா. “உன்ர கைக்கு அளவு சரியா வரும்.”

கரண்டி! அன்றைக்கே முடிவெடுத்தேன். தனித் தன்சல். என்னுடைய தன்சல். ஒருவருக்கும் சொல்லாமல், எங்கள் வீட்டு வாசலில், எல்லாரும் மூக்கில் விரல் வைக்கும்படியாக. அதற்கான புதிய மன்றத்துக்கு நானே தலைவர், நானே செயலாளர், உறுப்பினர் எல்லாரும் நானே. (ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டேன்.)

திட்டத்தின் அடிப்படை விதி எளிமையானது: பிரசன்னா எதைச் செய்கிறானோ, அதற்கு நேர்மாறாக நான் செய்யவேண்டும். அவனுடையது கலர் கொடி. என்னுடையது தூய வெள்ளை. வெசாக்குக்கு வெள்ளை உடுப்பதுதானே வழக்கம்? புறக்கோட்டையில் வெள்ளைத் துணி வாங்கிக் கொடிகளாக வெட்டி, காலி வீதி முனையிலிருந்து எங்கள் வாசல்வரை இரண்டு பக்கமும் கயிற்றில் கட்டினேன். அவனுடைய இடத்தில் இரைச்சல். என்னுடைய இடத்தில் பூரண அமைதி. அவனிடம் சனம் நின்றுகொண்டு தின்னும். என்னிடம் வருபவர்கள் மரியாதையாக உட்காரவேண்டும் என்று வாடகைக் கதிரைகளை எடுத்து, வெள்ளைப் பந்தலின் கீழ் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வரிசையாகப் போட்டேன். கிழங்குக்குப் பதிலாகப் பால் கலக்காத கோப்பியும் பிஸ்கட்டும். குருத்தோலைத் தோரணமும் கட்டினேன். நல்ல காரியத்துக்குக் கட்டுகிற தோரணத்தில் குருவித்தலை நான்கு மடிக்கவேண்டும், கெட்ட காரியத்துக்கு மூன்று. நான்காவது தலை எனக்குக் கடைசிவரை மடியவில்லை. மூன்றோடு விட்டேன். குருவியை யார் எண்ணப்போகிறார்கள்?

எல்லாவற்றுக்கும் மகுடம், பேனர். பிரசன்னாவின் படத்தை ஊரே பத்திரிகையில் பார்த்துவிட்டது. என் படத்தை ஒருவரும் எதிலும் பார்த்ததில்லை. கொட்டாஞ்சேனையில் அச்சுக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவுக்கு என் படத்தை ஈமெயிலில் அனுப்பினேன். ஸ்டூடியோக்காரர் என்னை வெள்ளையாக்கி, கன்னத்தை நிரப்பி, கோட்டும் டையும் போட்டுவிட்டிருந்த படம். பின்னேரம் போன் எடுத்தேன்.

“படத்தப் பாத்தன் தம்பி” என்றார் நானா. குரல் தாழ்ந்திருந்தது. “சின்ன வயசு.”

“ஓம் நானா, இருவத்தி மூண்டுதான்.”

“ஆண்டவன்ட நாட்டம். நம்ம கையில என்ன இருக்கு?”

என் திறமைகள் தெய்வ சங்கற்பம் என்று அவர் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அடக்கமாக, “ஓம்” என்றேன்.

“கீழ வெளக்கொண்டு வைக்கவா?”

“வையுங்கோ. வெசாக்குக்கும் பொருத்தமா இருக்கும்.”

“கலரா, கறுப்பு வெள்ளையா?”

“கறுப்பு வெள்ளைதான் நானா. கலர் எல்லாரும் போடினம்.”

“சரியாச் சொன்னீங்க. கடைசியில உற்றார், உறவினர், நண்பர்கள்னு போடுறதுதானே?”

“போடுங்கோ, போடுங்கோ. ஆக்கள் கனபேர் இருக்கிற மாதிரித் தெரியும்.”

“நாளைக்கே தந்திருவன் தம்பி. இதெல்லாம் தள்ளிப்போட ஏலாதுதானே. மனசத் தளரவிடாதீங்க.”

எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன். பேனரும் வந்தது. நடுவில் நான். கீழே குத்துவிளக்கு. ‘ஊருக்காய் எரிந்த விளக்கு, செல்வன் இ. ரகுநாதன்’ என்று பெரிய எழுத்தில். ‘எரியும்’ என்றுதான் சொல்லியிருந்தேன். நானா திருத்தியிருந்தார். இலக்கியமாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன். கோப்பி பற்றி ஒரு வார்த்தைகூடப் பேனரில் கிடையாது. பானம் முக்கியமல்ல, ஆள்தான் முக்கியம் என்பது என் கொள்கை. காலி வீதி முனையில், பஸ்ஸில் போகிறவர்களின் கண்ணுக்கு நேராக, அதைக் கட்டினேன்.

எல்லாம் முடிந்தபோது அப்பா பத்திரிகையும் கையுமாகப் பல்கனிக்கு வந்தார். ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

“ஆர் மோசம் போனது?”

யார் செத்தது என்று கேட்கிறாராம். அப்பா என் முயற்சிகளை எப்போதும் இப்படித்தான் நக்கலடிப்பார். நான் கொடிக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவர் திருப்பிக் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பந்தல் வாசலில் நின்றேன். முதல் அரை மணித்தியாலம் ஒரு நாய் வந்தது. எதிர்ப்பக்கத்தில் பிரசன்னாவின் வரிசை பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தலையும் என் நெஞ்சில் ஏறி இறங்கிற்று.

பிறகு ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, ஓசையில்லாமல் கதிரையில் உட்கார்ந்தார். கோப்பி கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். வெறும் கதிரைகளை ஒரு தரம் பார்த்தார்.

“ஹரி துகய் மல்லி” என்றார். மிகவும் கவலையாக இருக்கிறதாம்.

சனம் வரவில்லையே என்று எனக்காக வருந்துகிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “இன்னும் நேரம் இருக்கிறதுதானே, வருவார்கள்” என்றேன். அவர் எழுந்து என் தோளை அழுத்திப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு கோப்பிக்கு இவ்வளவு நன்றியா! பிரசன்னாவின் கிழங்கைத் தின்றவன் எவனாவது கண் கலங்கியிருப்பானா? (கட்டைச் சம்பலுக்குக் கலங்கியிருக்கலாம். அது கணக்கில் சேராது.)

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லாரும் குரலை இறக்கிக் கதைத்தார்கள். ஒருவரும் இரண்டாவது பிஸ்கட் எடுக்கவில்லை. என்ன பண்பாடு, என்ன ஒழுக்கம்! கதிரைகள் நிரம்பின. கோப்பி தீர்ந்தது. அடுத்த கொதிகேத்தலைக் கொதிக்க வைத்து எடுத்துவர வீட்டுக்குப் பின்னாலிருந்த குசினிக்கு ஓடினேன்.

அந்த நேரத்தில் மேலே வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அப்பா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா, அம்மாவின் அக்கா, த்ரீவீலரில் வந்து இறங்கியிருக்கிறார். பேனரை பஸ்ஸிலிருந்து கண்ட யாரோ அவருக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். முன்வாசல் கதவைத் தள்ளித் திறந்து, அவிழ்ந்த கொண்டையோடு அம்மாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, “ஐயோ என்ர ராசா! ஒரு கலியாணம் காட்சி காணாமப் போயிட்டியே!” என்று குரல் வைத்திருக்கிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அக்கா அழுதுகொண்டு வந்தால் அம்மா என்ன நினைப்பார்? தன் அத்தான் போய்விட்டார் என்றுதான். “ஐயோ அத்தான்!” என்று அம்மாவும் தொடங்கிவிட்டார். சகோதரிகள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, ஆளுக்கொரு பிணத்துக்காக நெடுநேரம் அழுதிருக்கிறார்கள். கடைசியில் அப்பாதான் பத்திரிகையை மடித்து வைத்தாராம்.

“ரெண்டு பேரும் ஆருக்காக அழுறியள் எண்டு ஒருக்காக் கேட்டுப்போட்டு அழுங்கோ.”

“ரகுவுக்குத்தான்!” என்று பெரியம்மா.

“அவன் கீழ கோப்பி ஊத்துறான்” என்று அம்மா.

நான் கொதிகேத்தலோடு திரும்பி வந்தபோது பந்தலில் நிற்க இடமில்லை. ஒழுங்கை முழுக்கச் சனம். பிரசன்னாவின் வரிசையில் நின்றவர்களெல்லாம் இங்கே. எதிர்ப்பக்கத்து ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. வென்றுவிட்டேன்! பந்தலின் பின்சீலைக்கு மறைவில் நின்று முகத்தைத் துடைத்தேன். நல்ல தருணம் பார்த்து உள்ளே பிரவேசிப்பதற்காக மூச்சை இழுத்தேன். அப்போது பிரசன்னாவின் குரல் கேட்டது. வழக்கமான மேடைக் குரல் இல்லை. உடைந்த குரல்.

“கரண்டி வேலைக்கு ஏன் வரேல்ல எண்டு நான் கோவிச்சனான். ஆள் இல்லாமப் போயிட்டான் எண்டு தெரியாமக் கோவிச்சிட்டன்...”

சீலையின் நீக்கலால் பார்த்தேன். கையில் சம்பல் காயாமலே ஓடி வந்திருக்கிறான். அவன் பின்னால் மன்றத்துப் பெடியள் அத்தனை பேரும் ஆளுக்கு இரண்டு கதிரையோடு. ஒருவன் தண்ணீர்ப் போத்தல்கள் இறக்கினான். ஒருவன் வாகனங்களை ஒழுங்குபடுத்தினான். ஒருவன் ஐயருக்குப் போன் எடுத்தான். என் தன்சலில் நான் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு உண்டாக்க முடியாத ஒழுங்கு சில நிமிடத்தில் உண்டாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வெள்ளைக் கொடி, வெள்ளைப் பந்தல், எதிரெதிர்க் கதிரை, வெறும் கோப்பி, மூன்று தலைக் குருவி, கறுப்பு வெள்ளைப் படம், விளக்கு. நான் கட்டியது தன்சலே இல்லை, அச்சொட்டான ஒரு செத்தவீடு. அதில் செத்தவனையும் நானே கொடுத்திருந்தேன்.

யோக்கியமான மனிதன் அந்தக் கணமே வெளியே வந்திருப்பான். நான் வரவில்லை. பிரசன்னா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான்.

“வெள்ளத்துக்குப் பொதி கட்டினனாங்களெல்லே? லொறியில போகேக்க எல்லாற்ற பொதியும் அவிழ்ந்து கொட்டுண்டது. ரகு கட்டினதில ஒண்டும் அவிழேல்ல. ஒண்டுகூட! அதை அவனுக்கு ஒரு நாள் சொல்லவேணும் எண்டு இருந்தனான்.”

அதுவரை என்னைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதையும் அவன்தான் சொல்லவேண்டியிருந்தது. இன்னும் ஏதாவது வரும் என்று கொதிகேத்தலைக் கட்டிப்பிடித்தபடி காத்திருந்தேன். யாராவது தொடரட்டும். என் குணம் பற்றி, என் கல்வி பற்றி, என் கையெழுத்தாவது நல்லது என்று யாராவது சொல்லட்டும்.

முன் வரிசையில் ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினார்.

“என்ன பிள்ளை! தன்ர தன்சலையே போட்டுட்டு ஓடி வந்திருக்கு. இந்தக் காலத்தில ஆர் செய்வினம்?”

“தங்கமான பெடியன்.”

“பெத்தவ குடுத்து வச்சவ.”

“சம்பல் கையோட வந்து நிக்கிறான், பாருங்கோ!”

இரண்டு மூன்று பேர் அவன் முதுகைத் தடவினார்கள். ஒருவர் எனக்காகப் போட்ட கதிரையில் அவனை இருத்தி, என்னுடைய கோப்பியை அவனுக்குக் கொடுத்தார். என் செத்தவீட்டில், என் பந்தலில், என் படத்தின் கீழ், எல்லாரும் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்!

செத்தவர் எழும்பி வந்த கதைகளில் எல்லாம் காரணம் பக்தியாக இருக்கும், அல்லது காதலாக இருக்கும். நான் எழும்பியது சுத்தமான எரிச்சலில்.

“நிப்பாட்டுங்கோ!” என்று சீலையை விலக்கிக்கொண்டு பாய்ந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கொதிகேத்தலிலிருந்து முகத்தைச் சுற்றி எழும்பிய ஆவி. பின் வரிசை ஓடியது. சிங்களப் பெரியவர் கைகூப்பினார். மூக்குச் சிந்திய பெண்மணி கதிரையோடு பின்பக்கம் சாய்ந்தார். பிரசன்னா மட்டும் ஓடவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக வந்து, சம்பல் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

“ரகு மச்சான்! சாப்பிட்டியாடா?”

சனம் கைதட்டியது. எனக்கென்று ஒரு கணம் நம்பினேன். அம்மாவும் பெரியம்மாவும் படியிறங்கி வந்தார்கள். அம்மா என்னைத் தாண்டிப்போய் பிரசன்னாவின் தலையைத் தடவினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தியே? நீ செத்தாக்கூட அவன்தான்ரா வந்து நிக்கிறான்.”

அன்று மிச்சக் கிழங்கையும் சம்பலையும் இங்கேயே தூக்கி வந்து, என் வெள்ளைப் பந்தலில் ஒலிபெருக்கியும் போட்டு, மன்றம் தன்சலைத் தொடர்ந்தது. பெரிய வெற்றி என்றார்கள். நான் சம்பல் கரண்டியில் நின்றேன். அளவு சரியாக வந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மரண வீட்டு வேலைகளைத் தன் பெடியள் இவ்வளவு வேகமாகச் செய்வார்கள் என்பதை பிரசன்னா அன்றுதான் கண்டுபிடித்தான். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, தனியே செத்துப்போகிற கிழவர்கள் வெள்ளவத்தையில் நிறைய. அவர்களுக்குக் கதிரை போட, தேத்தண்ணி ஊற்ற, மரணப் பத்திரம் எடுக்க, கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? அதற்கென்று இளைஞர் குழு ஒன்றைத் தொடங்கினான். இன்றைக்கும் நடக்கிறது. இரவு பகல் பாராமல் பெடியள் போய் நிற்கிறார்கள். இனம் மதம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் பிரசன்னா புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என்னை எழுப்பிக் காட்டுவான்: “இவர்தான் எங்கட முதலாவது கேஸ்.” கைதட்டல் நன்றாகத்தான் இருக்கும். அவனுக்கு.

என் மகள் கொண்டுவந்த துண்டுப் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்திலும் அந்தக் குழுவின் பெயர் இருந்தது. சேரப்போகிறாளாம். “பிரசன்னா மாமா சோ ஸ்வீட் அப்பா!” என்றாள். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன், அப்பா மாதிரி.

வெளியே சொல்லாத ஒரு லட்சியம் எனக்கு இப்போது உண்டு. பிரசன்னாவைவிட ஒரு நாளாவது கூடுதலாக இருந்து, அவனுடைய காரியங்களை நான் முன்னின்று நடத்தவேண்டும். கொடியிலிருந்து கோப்பிவரை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அவன் தினமும் விடிய வெள்ளவத்தைக் கடற்கரையில் ஓடுகிறான். சீனி தொடுவதில்லை. எனக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது.

போன மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். மூன்றாம் நாளும் எழும்பவில்லை. மனைவி கஞ்சியோடு நின்றாள். மகள் வெப்பமானியோடு நின்றாள். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கவலையே இல்லாத, நல்ல தெளிவான குரல்.

“என்னவாம், பிரசன்னாவுக்குச் சொல்லுறதோ?”

எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் கேட்கிற கேள்விதான். மனைவி சிரித்தாள். மகள் சிரித்தாள். நான் போர்வையை உதறி எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, ஒருவர் துணையும் இல்லாமல் டொக்டரிடம் நடந்தே போனேன்.